தாலி என்றால் கயிறு

மலாயில் தாலி என்றால் கயிறு. மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கில் இது நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். சீனக் கடையில் போய் "தாலி" என்று கேட்டால் கயிற்றுச் சுருளைத்தான் எடுத்துப் போடுவார்கள். ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய பெண்களிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது எங்கள் ஆட்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அப்படிச் சிரித்த ஊருக்கு மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, முதல் நாள் மட்டும் மலாய் மறந்துபோனது. மறந்ததா, மறந்த மாதிரி இருந்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

என் வீட்டுக்காரர் மருதமுத்து பாடை கட்டுகிறவர். முனிசிபாலிட்டியில் புல் வெட்டும் வேலை இருந்தது. ஆனால் அவரை யாரும் புல் வெட்டுகிறவர் என்று சொன்னதில்லை. சாவு விழுந்தால் குருபோங் தோட்டத்திலிருந்தும் செங் தோட்டத்திலிருந்தும் ஆள் வரும். சந்துமுனை ரம்புத்தான் மரத்தோடு நின்றுகொண்டு, "மருதமுத்து, சாமான் எடுத்துக்கிட்டு வா" என்று குரல் கொடுப்பார்கள். அதற்கு மேல் ஓரடி வைக்கமாட்டார்கள். அவர் கட்டுவது வெறும் பாடை இல்லை, தேர்ப்பாடை. நாலு கால், மேலே அடுக்கடுக்காகக் கூம்பு, உச்சியில் கலசம். மூங்கிலைப் பிளந்து வளைக்கும்போது அவர் கையில் அது முனகக்கூட முனகாது.

பூ என் வேலை. சுருக்குக் காகிதத்தை வெட்டி, சைக்கிள் கம்பியில் இதழைச் சுருட்டி, மரவள்ளி மாவுப் பசையில் ஒட்டித் தாமரை செய்வேன், ரோஜா செய்வேன், மல்லிகைச் சரம்கூடச் செய்வேன். அவ்வளவும் சுடுகாடு போய்ச் சேருவதற்குள் பிய்ந்துவிடும். மீதி இருந்தால் அங்கேயே உதறிப் போட்டுவிடுவார்கள். அத்தனை வருஷத்தில் என் பூ ஒன்றுகூட மறுநாள் காலையைப் பார்த்ததில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய குறை என்பதை, சொன்னால் சிரிப்பார்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகஸ்டு பிறந்ததும் ஜவுளிக்கடை மாணிக்கவாசகம், அவர்தான் எங்கள் வட்டாரத்து விழாக் குழுவுக்குத் தலைவர், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். ரம்புத்தான் மரத்தைத் தாண்டி வந்தார்! நான் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, யார் வீட்டில் சாவோ என்று பயந்துபோனேன்.

"பந்தல்காரர் பொன்னுதுரை கைய விரிச்சிட்டாருப்பா" என்றார் மாணிக்கவாசகம். "பட்டணத்துல பெரிய அலங்கார வளைவு கட்டற வேலை கிடைச்சிருக்காம், உஜோங் பாசிர்ல இருந்து ஆளுங்களையும் அள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. மெர்டேக்கா ஊர்வலம் நம்ம ரோட்டு வழியாத்தான் போவுது. மலாய்க்காரங்க வளைவு இருக்கும், சீனவங்க வளைவு இருக்கும். நம்ம வளைவு இல்லேன்னா மானம் போயிரும். நீதான் கட்டணும்."

"என்னையா கேக்கறீங்க?" என்றார் இவர்.

"யாரு கட்டினதுன்னு எழுதியா ஒட்டப் போறோம்?"

அந்தப் பேச்சுக்கே அடுப்புக் கொள்ளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பேன். ஆனால் ஆசை யாரை விட்டது? இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மறுத்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துபோனது.

"கட்டறோம்னு சொல்லுங்க" என்றேன் உள்ளேயிருந்து.

போகும்போது மாணிக்கவாசகம் திரும்பி நின்று, "மங்கல காரியம் மருதமுத்து, அந்த நெனப்போட கட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கபீர் பாய் கடைக்கு நானே போனேன். பட்டணத்தில் காகிதம், பசை, வாணச் சாமான் எல்லாம் விற்கிற கடை. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் வெள்ளையும் மஞ்சளும் எடுத்துப் போட்டார். "அது வேணாம் பாய். சிவப்பு, நீலம், பச்சை, கத்திரிப்பூ, என்னென்ன இருக்கோ எல்லாம் போடுங்க" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்னம்மா, கல்யாணமா?" என்றார். "மெர்டேக்கா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

மழைக்காலம் இல்லையென்றாலும் மலாக்கா மழையை யார் நம்புவது? மெழுகுவர்த்தியை உருக்கி ஒவ்வொரு பூவையும் அதில் முக்கி எடுத்துக் கொடியில் காயவைத்தேன். பாடைப் பூவுக்கு யாரும் மெழுகு பூசமாட்டார்கள். என்னத்துக்கு? வளைவின் நெற்றியில் 'மெர்டேக்கா' என்று தமிழில் எழுத்து வரவேண்டும் என்றார்கள். அத்தனை எழுத்தையும் சிவப்புச் செம்பருத்தியாலேயே நிரப்பினேன். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் தெரிந்தவள் நான். அந்த ஒரு சொல்லை மட்டும் இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன்.

இவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த திடலில் மூங்கிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குழு வாங்கிக் கொடுத்த கடைக் கயிறு பச்சை மூங்கிலில் வழுக்கியது. ஒரு வாரம் பார்த்துவிட்டு அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டுத் தேங்காய் நாரை ஊறவைத்துத் தானே திரிக்க உட்கார்ந்துவிட்டார். வேலை நடக்கும்போது நான் அவரிடம் போய் நிற்பதில்லை, அவர் என் பூவைத் தொடுவதில்லை. அது எங்களுக்குள் ஆரம்பத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. திடலிலிருந்து அவர் சீட்டியடிப்பது மட்டும் எனக்குக் கேட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் சீட்டியடித்து நான் கேட்டதில்லை. இனிமேல் நாலு பேர் நல்ல காரியத்துக்கும் இவரைக் கூப்பிடுவார்கள், ஒரு கல்யாணப் பந்தல், ஒரு மணவறை, அது போதும் எனக்கு என்று நான் பாட்டுக்கு மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பதாம் தேதி மத்தியானம் வளைவைத் தூக்கி நிறுத்தினார்கள். ரோட்டின் இந்தப் பக்கத்து லோங்காங்கிலிருந்து அந்தப் பக்கத்து லோங்காங் வரைக்கும், சாக்கடை இரண்டுக்கும் இடையே வண்டிப் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. ரோட்டில் போன பஸ்ஸே நின்று பார்த்துவிட்டுப் போனது. மாணிக்கவாசகம் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

அப்போதுதான் ராஜரத்தினம் பிள்ளை வந்தார். பின்னால் இருக்கிற செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்புக்காரர். மலாக்காவில் பரம்பரை பரம்பரையாக இருக்கிற செட்டிகள் அவர்கள். பேச்சு மலாய், உடுத்துவது சாரோங், ஆனால் சாமி, சடங்கு, சாங்கியம் என்று வந்தால் நம்மைவிட ஒரு பிடி கூடுதல். நாம் கப்பலிலேயே தொலைத்துவிட்டு வந்ததையெல்லாம் அவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நல்ல மனுஷர். வளைவைச் சுற்றிச் சுற்றி வந்து "சாந்தே, சாந்தே" என்று அழகை மெச்சினார். என் தாமரையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வளைவின் காலில் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டார். தொட்ட விரல் அப்படியே நின்றது. குனிந்து அதன் புரியைப் பார்த்தார்.

"நி தாலி ஓராங் மாத்தி" என்றார், மெதுவாக, தனக்குத்தானே.

இது செத்தவர்களுக்கான கயிறு. அவ்வளவுதான் அவர் சொன்னது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்ததும் முகம் கறுத்துப்போய்க் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்தில் பொதுக் குழாய். குழாயடியில் குடத்தோடு அரைடஜன் காதுகள்.

ஓராங் மாத்தி என்றால் செத்த மனிதர். நம் காதில் அது எப்படி விழுந்தது? தாலி, மாத்தி! குழாயடியிலேயே அது 'தாலிய மாத்திட்டாங்களாம்' என்று ஆனது. பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது 'செத்தவன் பொண்டாட்டி தாலி' ஆகிவிட்டது. சாயங்காலம் எங்கள் சந்துக்குத் திரும்பி வந்து சேர்ந்தபோது, மருதமுத்து போகிற சாவு வீட்டிலெல்லாம் அறுத்த தாலிக்கயிற்றைச் சேர்த்து வைத்திருந்து, அதையெல்லாம் முறுக்கித்தான் வளைவைக் கட்டியிருக்கிறான் என்று முழுக் கதையாக நின்றது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

முதலில் வந்தவள் பாக்கியலட்சுமி. போன வருஷம் அவள் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்தான். அவனுக்கு இவர்தான் பாடை கட்டினார். நான் சண்டைக்குத் தயாராக இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"அக்கா, என்னோடதும் அதுல இருக்கா?"

"எதும்மா?"

"என் கயிறு. தங்கத்த மாமியா எடுத்துக்கிட்டாங்க. கயித்த என்ன செஞ்சாங்கன்னு யாருமே சொல்லலக்கா. அதுல இருந்தா எடுக்க வேணாம். எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க, பாத்துட்டுப் போயிர்றேன்."

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படி எதுவுமே இல்லை, எல்லாம் தேங்காய் நார் என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். என் ஆத்திரம் அப்போதுதான் தலைக்கு ஏறியது. இந்த மாதிரி ஒருத்தியை இப்படி அலையவிட்ட ஊரைச் சும்மா விடக்கூடாது என்று செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு ஓடினேன்.

வளைவடியில் குழு முழுவதும் கூடியிருந்தது. இவர் வளைவின் ஒரு காலோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏணியப் போடுங்க!" என்று கத்தினேன். "ஏறிப் பாருங்க. எந்தக் கட்ட வேணுமானாலும் அவுத்துப் பாருங்க. ஒரே ஒரு தாலி, மஞ்சக் கயிறுல ஒரே ஒரு துண்டு காட்டிட்டீங்கன்னா நான் இந்த ஊர விட்டே போயிர்றேன். காட்ட முடியலேன்னா மன்னிப்புக் கேக்கணும், என்ன சொல்றீங்க?"

"ஏம்மா அஞ்சல, சத்தம் போடாத" என்றார் மாணிக்கவாசகம்.

"தாலின்னா கயிறுன்னு உங்களுக்குத் தெரியாது? உங்க கடைல துணிப் பொட்டலத்த என்னத்தால கட்டறீங்க?"

யாரோ சிரித்தார்கள். மாணிக்கவாசகத்துக்கு முகம் சிவந்தது. ஏணியை வரவழைத்து ஓர் ஆளை ஏற்றினார். அவன் அங்கங்கே கட்டைப் பிரித்துப் பார்த்தான், மோந்துகூடப் பார்த்தான். "நாருதாண்ணே. வெறும் நாரு" என்று மேலேயிருந்து சொன்னான்.

நான் ஊரையே ஒரு பார்வை பார்த்தேன். கூட்டத்தில் பாதி கலையத் தொடங்கியது. மாணிக்கவாசகம் மட்டும் போகவில்லை. பிரித்துப் போட்ட கயிற்றுத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மருதமுத்து. வலமா, இடமா?"

எனக்குப் புரியவில்லை. அதாவது, கேள்வி புரிந்தது. யாருக்குத்தான் தெரியாது? நல்ல காரியத்துக்கு நாரைத் தொடையில் வைத்து வெளியே தள்ளித் திரிக்கவேண்டும், அது வலம்புரி. சாவுக்குத் தன் பக்கம் இழுத்துத் திரிக்கவேண்டும், அது இடம்புரி. ஆனால் இவர் ஏன் பதில் சொல்லாமல் நிற்கிறார் என்பதுதான் புரியவில்லை.

"சொல்லுங்க, வலம்னு சொல்லுங்க!" என்றேன்.

"இடம்" என்றார் இவர்.

ஏணியில் இருந்தவன் தடதடவென்று இறங்கினான்.

"வலமாத்தான் ஆரம்பிச்சேன்" என்றார் இவர், யார் முகத்தையும் பார்க்காமல். "முறுக்கு நிக்கல. கட்டினா மறுநாள் நெகிழ்ந்துருது. இத்தன வருஷம் ஒரே பக்கம் இழுத்த கை. நாள் வேற நெருங்கிருச்சு. தூணு சாஞ்சு புள்ளைங்க மேல விழுந்துட்டா என்ன பண்றதுன்னு, கை போன பக்கமே விட்டுட்டேன்."

நியாயமான பேச்சுதானே? கட்டுகிறவனுக்கு விழாமல் நிற்பதுதானே முதல் மங்கலம்? அதை நான் உரக்கவே கேட்டேன். மாணிக்கவாசகம் கயிற்றுத் துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்தார். இனிமேல் பிரித்துக் கட்ட நேரம் இல்லை, காலையில் துரைமார், அதிகாரிகள் எல்லாம் வருகிறார்கள், வெறும் ரோடாக விடவும் முடியாது.

"நிக்கிறது நிக்கட்டும்" என்றார்.

அதைக் கேட்டு நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். இவர் என்னை விட்டு நாலடி தள்ளியே நடந்தார்.

விடியற்காலம் தூறியது. குளித்துவிட்டு இருக்கிறதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். வளைவு அசையாமல் நின்றது. என் பூ ஒன்றுகூடச் சாயம் போகவில்லை. மெழுகின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்க, செம்பருத்தி எழுத்தில் வெயில் விழுந்து பளபளவென்று இருந்தது. என் கையால் செய்த பூ மறுநாள் காலையைப் பார்த்தது! இவரை இழுத்துவந்து காட்டினேன். அவரும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

ஊர்வலம் வந்தது. முன்னால் பேண்டு வாத்தியம். மலாய்ப் பிள்ளைகள் கொடியை ஆட்டிக்கொண்டு வளைவுக்குள் புகுந்து வந்தார்கள். சீனப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் அண்ணாந்து பார்த்துக் கையைத் தட்டினார்கள். கபீர் பாய் தன் குடும்பத்தோடு நடுவில் நின்று, "எல்லாம் நம்ம கடைக் கடதாசி!" என்று கூவிக்கொண்டு போனார். அடுத்து எங்கள் ஆட்கள் வந்தார்கள்.

மாணிக்கவாசகம்தான் முன்னால் பெரிய கொடியோடு வந்தார். வளைவுக்குப் பத்தடி முன்னால் யாரையோ கண்டு வணக்கம் சொல்லப் போகிறவர்போல ஓரமாக விலகினார். லோங்காங்கை ஒட்டி ஒற்றையடிக்கு இடம் இருந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நடந்து வளைவைக் கடந்து மறுபடி ரோட்டுக்கு ஏறினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அப்புறம் எல்லோரும். ஒருவர்பின் ஒருவராகச் சாக்கடையோரம் வழுக்கிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கி இடுக்கிக்கொண்டு, வாழ்க என்று கத்திக்கொண்டே சுற்றிப் போனார்கள். ராஜரத்தினம் பிள்ளையும் அந்த வழியாகத்தான் போனார். என்னைத் தாண்டும்போது நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒருத்தி மட்டும் உள்ளே போனாள். பாக்கியலட்சுமி. தனியாக, மெதுவாக, ஒவ்வொரு கட்டாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள். இல்லை என்று அவ்வளவு சொல்லியும் தேடினாள்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. "வேணாம் அஞ்சல" என்று இவர் என் முந்தானையைப் பிடித்தார். உதறிவிட்டுப் போய் வளைவுக்கு நட்டநடுவில் நின்றேன். தலைக்கு மேலே என் தாமரை.

"வாங்க!" என்று கூப்பிட்டேன். "நாம போவோம். அவங்க போவட்டும், போனா போறாங்க. நாம கட்டினது, நாம போவோம். வாங்க!"

ஊரே திரும்பிப் பார்த்தது. இவர் என்னைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். ஓரமாக விலகி, லோங்காங் விளிம்பில் காலை அழுத்தி அழுத்தி வைத்து, மற்றவர்கள் போன அதே வழியில் நடந்து அந்தப் பக்கம் போய் நின்றார்.

"வெளிய வா அஞ்சல. சீக்கிரம் வா."

"நீங்க கட்டினதுதானே!" என்று கத்தினேன்.

"நான் கட்டினதாலதான்டி சொல்றேன். அது எதுக்கான கட்டுன்னு எனக்குத் தெரியாதா? நான் உள்ள வந்து எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உன் கழுத்துல இருக்கிறத அறுத்துருவாங்களே."

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஊர் பேசியதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு என்ன சொல்லிச் சண்டை போடுவது? அவர் கையை நீட்டிக்கொண்டு, பயந்துபோன கண்ணோடு எனக்காகக் காத்திருந்தார். நான் உள்ளேயே நின்றேன். பின்னால் வந்துகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு, மெர்டேக்கா மெர்டேக்கா என்று கத்திக்கொண்டு போனார்கள்.